லென்ஸ் செய்த பிழையை மென்பொருள் எதுவரை திருத்தும்?

ரா கோப்பை (கேமராவின் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் படக்கோப்பு) திறக்கும் மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில் லென்ஸ் திருத்தம் என்றொரு பகுதி இருக்கும். அதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டுப் பார்த்தால் சில லென்ஸ்களின் உண்மை முகம் தெரியும். கேனானின் ஆர்எஃப் 16 மிமீ எஃப்/2.8 போன்ற சிறிய, விலை குறைந்த அகலக்கோண லென்ஸில் எடுத்த படத்தின் மூலைகள் கறுத்துக் கிடக்கும். நேராக நிற்கும் தூண்கள் வெளிப்பக்கம் பிதுங்கி வளையும். டிக்கைத் திரும்பப் போட்டதும் எல்லாம் நேராகிவிடும். தயாரிப்பாளர் நம்மை ஏமாற்றுகிறார் என்று இதற்காகக் கோபப்படுபவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் குறைவு. வளைவைக் கண்ணாடியாலேயே நிமிர்த்த வேண்டுமானால் கூடுதல் கண்ணாடிகளை அடுக்க வேண்டும். எடையும் விலையும் ஏறும். வேறு ஏதோ ஒரு பிழை தலைதூக்கும். 2008இல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் வகைக் கேமராக்கள் வந்தபோது, லென்ஸ் தன் பிழைகளின் அளவைத் தானே கேமராவிடம் சொல்ல, அது ரா கோப்புக்குள் பதிவாகும் முறை பரவலாகத் தொடங்கியது. 2009இல் வந்த டிஎன்ஜி 1.3 என்ற ரா கோப்பு வடிவத்திலும் இதற்கு இடம் ஒதுக்கினார்கள்.

ஆனால் எல்லாப் பிழைகளும் ஒரே சாதி அல்ல. சில பிழைகளில் ஒளி தவறான இடத்தில் விழுகிறது, அல்லது குறைவாக விழுகிறது; ஆனாலும் பக்கத்துப் புள்ளியின் ஒளியோடு கலப்பதில்லை. எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தால் திரும்ப நகர்த்திவிடலாம். வேறு சில பிழைகளில் பல புள்ளிகளின் ஒளி ஒரே பிக்சலில் கலந்து விழுகிறது. கலந்ததைப் பிரிப்பது கடினம்; சில நேரங்களில் முடியவே முடியாது. எந்த லென்ஸுக்குக் காசு செலவழிக்கலாம், எந்தக் குறையைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்பதெல்லாம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

முதலில் மூலை இருட்டு, அதாவது விக்னெட்டிங். சாய்ந்து வரும் ஒளி, சாய்வுக் கோணத்தின் கொசைன் மதிப்பின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். எளிய லென்ஸ் ஒன்றுக்கு இந்தக் கணக்கைப் போட்டால், ஃபுல் ஃப்ரேம் (36 × 24 மிமீ) சென்சாரின் மூலையில் 50 மிமீ லென்ஸுக்கு அரை ஸ்டாப்பும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது), 24 மிமீ லென்ஸுக்கு ஏறத்தாழ 1.7 ஸ்டாப்பும் குறைகிறது. இதோடு, அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடக்கூட அது சிறுக்கும்) முழுக்கத் திறந்திருக்கும்போது லென்ஸ் குழாயின் விளிம்பே சாய்ந்த ஒளியின் ஒரு பகுதியை மறைக்கும். இரண்டு ஸ்டாப் மூடினால் இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் மறைந்துவிடும். முதல் வகை அப்படியே இருக்கும்.

திருத்துவது எளிது: மையத்திலிருந்து தொலைவு கூடக்கூட ஓர் எண்ணால் பெருக்கினால் போதும். ஆனால் இரண்டு ஸ்டாப் குறைவு என்றால் நாலால் பெருக்க வேண்டும், கூடவே இரைச்சலும் (மணல்போன்ற புள்ளிப் பிசிறு) நாலு மடங்காகும். ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவு 1600இல் எடுத்த படத்தின் மூலை ஐஎஸ்ஓ 6400 போலத் தெரிவது இதனால்தான். இரவு வானத்தை எடுப்பவர்களுக்கு இது நேரடியான இழப்பு. இன்னொன்றையும் மென்பொருள் தொடாது: குழாய் மறைத்ததால், மூலையிலுள்ள மங்கிய விளக்குகள் வட்டமாக இல்லாமல் பூனைக்கண் வடிவில் நறுங்கியிருக்கும். வெளிச்சத்தைக் கூட்டினாலும் நறுங்கிய வடிவம் நறுங்கியதுதான்.

அடுத்து வளைவு. மூலையில் 6 சதவீதப் பீப்பாய் வளைவு இருந்தால் அங்கே 6 சதவீதம் இழுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். உண்மையில் அதைவிட அதிகம் இழுக்க வேண்டியிருக்கிறது. சாதாரண வளைவில் ஒரு புள்ளி நகரும் அளவு, மையத்திலிருந்து அதன் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் மூலைக்கருகே ஆர வாக்கில், அதாவது மையத்திலிருந்து வெளியே போகும் திசையில், 18 சதவீதம் இழுக்க வேண்டியிருக்கும். குறுக்குத் திசையில் மட்டும்தான் 6. ஏற்கெனவே கூர்மை குறைந்த மூலையை இப்படி ஒரு பக்கமாக இழுப்பதால்தான் திருத்திய அகலக்கோணப் படங்களின் ஓரத்து இலைகள் வெளிப்பக்கம் தேய்த்துவிட்டதுபோல் தெரிகின்றன. கட்டடம் எடுப்பவருக்கு இதை ஏற்பதைத் தவிர வழியில்லை. காடும் கடலும் எடுப்பவர் வளைவுத் திருத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கலாம்; மூலை வெட்டுப்படாமல், கூர்மையும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அடிவானம் படத்தின் மேலோரத்திலோ கீழோரத்திலோ இருந்தால் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, பக்கவாட்டு நிறப்பிழை. வானத்தை எதிர்த்து நிற்கும் தென்னங்கீற்றின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சை கலந்த நீலமும் ஓரமாகத் தெரியுமே, அதுதான். லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் சற்று வேறுபட்ட அளவில் பெரிதாக்குவதால் இது வருகிறது. 24 மெகாபிக்சல் படத்தில் மையத்திலிருந்து மூலை ஏறத்தாழ 3600 பிக்சல் தொலைவு. சிவப்புப் பிம்பம் பச்சையைவிட இரண்டாயிரத்தில் ஒரு பங்கு பெரிதாக இருந்தால் போதும், மூலையில் 1.8 பிக்சல் விலகல் வந்துவிடும். சிவப்புத் தளத்தை அதே அளவு சுருக்கினால் பிழை போய்விடும். இதைவிடச் சுத்தமான திருத்தம் வேறு இல்லை.

இங்கே ஒரு முக்கியமான வரிசைமுறை உண்டு. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் பாதிப் பிக்சல்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். படத்தில் நாம் பார்க்கும் நிற எண்களில் மூன்றில் இரண்டு பங்கு, அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்பியவை. இந்த நிரப்பலை டெமொசைக் என்கிறார்கள். நல்ல டெமொசைக் முறைகள் பலவும், ஓர் ஓரம் மூன்று நிறத்திலும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பிக் கணக்கிடுகின்றன. சிவப்பு ஓரம் 1.8 பிக்சல் தள்ளியிருந்தால் அந்த நம்பிக்கை பொய்த்து, வலைபோன்ற பிசிறுகள் வரும். பிறகு எவ்வளவு திருத்தினாலும் பிசிறு போகாது. டார்க்டேபிள், ராதெரபி என்ற ரா மென்பொருள்கள் இரண்டிலும் டெமொசைக்குக்கு முன்பே நிறப்பிழையைத் திருத்தும் வசதி ரா பகுதியில் இருக்கிறது. மூலையில் நிற ஓரம் கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் அதைப் போடுங்கள்.

பக்கவாட்டுப் பிழைதானா என்று அறிய ஒரு சோதனை போதும். ஜன்னல் கம்பியை மூலையில் வைத்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு படமும் எஃப்/8இல் ஒரு படமும் எடுங்கள். நிற ஓரத்தின் அகலம் இரண்டிலும் ஒன்றாக இருந்து, படத்தின் நடுவில் நிறமே இல்லையென்றால் பக்கவாட்டுப் பிழைதான். எஃப்/8இல் சுருங்கிவிட்டாலோ, நடுவிலும் தெரிந்தாலோ, அது இன்னொன்று. அந்த இன்னொன்றுதான் தொல்லை.

நெடுக்கு நிறப்பிழை என்பது அதன் பெயர். கண்ணாடி நீல ஒளியைச் சிவப்பு ஒளியைவிட அதிகம் வளைக்கிறது; அதனால் நீலம் முன்னதாகவும் சிவப்பு பின்னதாகவும் குவிகின்றன. பிகே7 என்ற சாதாரணக் கிரௌன் கண்ணாடியில் ஒரே ஒரு 50 மிமீ லென்ஸ் செய்தால், 486 நானோமீட்டர் நீலத்துக்கும் 656 நானோமீட்டர் சிவப்புக்கும் இடையே குவியும் இடம் 0.78 மிமீ வேறுபடும். குவியத் தூரத்தைக் கண்ணாடியின் அபே எண்ணால் (நிறப்பிரிகை குறையக் குறைய இது கூடும்; பிகே7க்கு 64.2) வகுத்தால் இந்த விடை வரும். நிறம் பிரியாத லென்ஸ் சாத்தியமில்லை என்று நியூட்டன் முடிவு கட்டியிருந்தார். செஸ்டர் மூர் ஹால் அதைச் செய்துகாட்டினார். 1758இல் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்றார். வழி இதுதான்: 21.6 மிமீ குவியத் தூரமுள்ள குவிந்த கிரௌன் லென்ஸோடு, அபே எண் 36.4 உள்ள ஃபிளிண்ட் கண்ணாடியில் 38 மிமீ அளவுள்ள குழிந்த லென்ஸைச் சேர்த்தால், மொத்தத்தில் 50 மிமீ லென்ஸ் கிடைக்கும். நீலமும் சிவப்பும் ஒரே இடத்தில் குவியும். 50 மிமீ திறன் பெற 21.6 மிமீ அளவுக்குக் கடுமையாக வளைந்த கண்ணாடி வேண்டியிருப்பதைக் கவனியுங்கள். ஒரு பிழையைப் போக்கக் கொடுக்கும் விலை அது.

அப்போதும் பச்சை தனியே நிற்கும். சாதாரண இரட்டை லென்ஸில் இந்த மீதிப் பிழை குவியத் தூரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 85 மிமீ எஃப்/1.4 லென்ஸுக்கு அது 0.04 மிமீ, சென்சாரில் 30 மைக்ரான் அகல மங்கல், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் ஐந்து பிக்சல். எஃப்/5.6க்கு மூடினால் ஒன்றரைப் பிக்சலுக்குள் அடங்கிவிடும். நிறப்பிரிகை குறைந்த ஈடி கண்ணாடிக்கும், அபே எண் 95 கொண்ட ஃபுளோரைட்டுக்கும் அவ்வளவு விலை ஏன் என்பதற்குப் பதில் இந்த 0.04 மிமீக்குள் இருக்கிறது.

படத்தில் இது எப்படித் தெரியும்? ஃபோகஸ் தளத்துக்கு முன்னால் உள்ளவற்றுக்கு ஊதா கலந்த சிவப்பு ஓரம், பின்னால் உள்ளவற்றுக்குப் பச்சை ஓரம். புத்தகப் பக்கத்தைச் சாய்வாக வைத்து நடு வரியில் ஃபோகஸ் செய்தால் முன்வரி எழுத்துகளும் பின்வரி எழுத்துகளும் வேறு வேறு நிறம் காட்டும். ஒவ்வொரு பொருளின் தொலைவுக்கு ஏற்ப மங்கலின் அளவும் நிறமும் மாறுகின்றன. தொலைவு என்னவென்று ரா கோப்பில் எழுதியில்லை. அதனால் மென்பொருள் குத்துமதிப்பாக ஒன்று செய்கிறது: ஊதா, பச்சை ஓரங்களைத் தேடிப் பிடித்து நிறத்தை வெளிறச் செய்கிறது. மங்கல் அங்கேயே இருக்கும். கத்தரிப்பூ நிறச் சேலையின் கரையோ, ஊதாச் சங்குப்பூவின் விளிம்போ படத்தில் இருந்தால் அதையும் சேர்த்து வெளிறடித்துவிடும். இந்தக் கருவியைப் படம் முழுக்கப் போடாமல், தேவைப்படும் இடத்தில் மட்டும் தூரிகையால் போடுவதே நல்லது. வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப்போன வானத்துக்கு முன்னால் ஊதா ஓரம் வந்தால் இன்னும் மோசம்; நிரம்பி வழிந்த பிக்சலில் உண்மை நிறம் என்ன என்ற தகவலே இருக்காது. எடுக்கும்போதே ஒரு ஸ்டாப் குறைப்பதுதான் அதற்கு மருந்து.

கலந்த ஒளியைக் கணக்கால் பிரித்த பெரிய முயற்சி 1990இல் நடந்தது. ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி ஓரத்தில் ஏறத்தாழ 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகிப்போனதால், ஒரு விண்மீனின் ஒளியில் சுமார் 15 சதவீதம் மட்டுமே நடுப்புள்ளியில் குவிந்தது. 70 சதவீதம் குவிந்திருக்க வேண்டியது. ரிச்சர்ட்சன் 1972இலும் லூசி 1974இலும் தனித்தனியே எழுதிய கணக்குமுறையை வைத்துப் படங்களைத் தெளிவாக்கினார்கள். பிரகாசமான பொருள்களில் அது நன்றாகவே வேலை செய்தது. மங்கலான விண்மீன்களைக் காப்பாற்ற முடியவில்லை. அவற்றின் ஒளி இரைச்சலில் மூழ்கியிருந்தது. கடைசியில் 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்தினார்கள். ராதெரபியின் கேப்சர் ஷார்ப்பனிங் என்ற கூர்மையாக்கும் கருவியில் ஓடுவதும் அதே ரிச்சர்ட்சன்–லூசி முறைதான். அந்தக் கணக்கு ஓடும் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் தோலும் வானமும் மணல்மணலாகும், ஓரங்களில் வெள்ளைக் கோடு தோன்றும். முன்னிருப்பான 20 சுற்று பெரும்பாலும் போதும்.

டிஃப்ராக்‌ஷன் என்ற விளிம்பு விலகலிலும் (சிறிய துளை வழியே போகும் ஒளி பரவி மங்குவது) இதே எல்லைதான் வருகிறது, அதை எண்ணாலேயே காட்டலாம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சார் பதியக்கூடிய மிக நுண்ணிய விவரம் மில்லிமீட்டருக்கு 83 கோட்டு ஜோடிகள் (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் ஒரு ஜோடி). குறையே இல்லாத லென்ஸ்கூடப் பச்சை ஒளியில் அந்த நுண்மையை எஃப்/8இல் 55 சதவீத மாறுபாட்டோடும், எஃப்/16இல் 16 சதவீத மாறுபாட்டோடும்தான் கொடுக்கும். எஃப்/22இல் அது பூஜ்யத்தைத் தொட்டுவிடுகிறது. 16ஐ 55 ஆக்க மூன்றரை மடங்கு பெருக்கினால் போதும். இரைச்சலும் அவ்வளவு பெருகும், ஐஎஸ்ஓ 100இல் தாங்கிக்கொள்ளலாம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். 45 மெகாபிக்சல் கேமராவில் இந்தப் பூஜ்யம் எஃப்/16லேயே வந்துவிடும். முன்பொருளையும் மலையையும் ஒரே படத்தில் கூர்மையாக எடுக்க எஃப்/22க்கு மூடுவதைவிட, எஃப்/8இல் ஃபோகஸை மாற்றி மூன்று படம் எடுத்து அடுக்குவது மேல்.

இனி, சுயவிவரமே (மென்பொருள் திருத்தத்துக்கு வேண்டிய பிழை அளவுகளின் பதிவு) இல்லாத பழைய மேனுவல் லென்ஸை அடாப்டரில் மாட்டியிருப்பவர்களுக்கு. கேமராவுக்கு லென்ஸ் எதுவென்றும் தெரியாது, அபெர்ச்சர் எதுவென்றும் தெரியாது. மூலை இருட்டுக்கு ஒரு சமவெளிச்சப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 3 மிமீ தடிமனுள்ள பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டை லென்ஸின் முன்விளிம்போடு ஒட்டிப் பிடித்து, மேகம் மூடிய வானத்தைப் பார்க்கச் செய்யுங்கள். ஃபோகஸ் முடிவிலியில், ஐஎஸ்ஓ 100, மேனுவல் எக்ஸ்போஷர், ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவல் வரைபடம்) மேடு நடுவில் இருக்கட்டும். முழுத் திறப்பிலிருந்து எஃப்/8 வரை ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு படம். வீட்டுக்குள் எல்இடி விளக்கில் எடுப்பதானால் ஷட்டரை 1/25 நொடிக்கு மேல் வேகமாக வைக்காதீர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பது படத்தில் பட்டையாக விழும். கோப்புப் பெயரிலேயே லென்ஸையும் அபெர்ச்சரையும் எழுதிவையுங்கள், பிறகு படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ராதெரபியின் ஃபிளாட் ஃபீல்டு பகுதியில் பொருத்தமான சமவெளிச்சக் கோப்பைக் கையால் தேர்ந்தெடுத்தால், டெமொசைக்குக்கு முன்பே அது படத்தை வகுத்துவிடும். மங்கலாக்கும் ஆரத்தை 32க்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் சமவெளிச்சப் படத்தின் இரைச்சலும் சென்சார் தூசியும் உங்கள் படத்தில் அச்சாகும். ஃபிலிம் காலத்து அகலக்கோண லென்ஸ்களில் ஒரு மூலை பச்சையாகவும் எதிர்மூலை ஊதாவாகவும் சாயும் குறையையும் இதே வகுத்தல் சேர்த்துப் போக்கிவிடுகிறது, ஏனென்றால் மூன்று நிறத் தளங்களும் தனித்தனியே வகுக்கப்படுகின்றன.