டார்க் சாக்லேட்டின் கறுப்பில் சத்து இருக்கிறதா?

பனாமா நாட்டின் கரீபியக் கடலோரத்தில் சான் பிளாஸ் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே வாழும் குனா பழங்குடியினருக்கு வயதானாலும் இரத்த அழுத்தம் ஏறுவதில்லை என்று 1944-லேயே ஒரு மருத்துவர் எழுதி வைத்தார். 1990-களில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் நார்மன் ஹோலன்பெர்க் அங்கே போனார். மரபணுவில்தான் ஏதோ பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் அதே குனா மக்கள் தீவை விட்டுப் பனாமா சிட்டியில் குடியேறியதும் அவர்களுக்கும் பிரஷர் வந்தது. ஊர் மாறினால் மரபணு மாறாதே! உப்பும் அவர்கள் குறைத்துச் சாப்பிடவில்லை. தீவில் இருந்தவர்கள் தினமும் கோப்பை கோப்பையாகக் கோகோ பானம் குடித்தார்கள். நகரத்தில் அந்தப் பழக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது.

தீவிலிருந்து நகரத்துக்கு வரும்போது கோகோ மட்டுமா மாறுகிறது? சாப்பாடு, உழைப்பு, கவலை எல்லாமே மாறும். அதனால் இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

கோகோ விதையில் ஃபிளவனால் என்ற வகைச் சேர்மங்கள் நிறைய உண்டு. அவற்றில் முக்கியமானது எபிகேட்டச்சின். இது குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்கு வந்ததும், இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் செல்களைத் தூண்டுகிறது. அந்தச் செல்கள் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவைத் தயாரிப்பவை. சில நொடிகளே தாக்குப்பிடிக்கும் இந்த வாயு பக்கத்திலுள்ள தசைச் செல்களுக்குள் ஊடுருவி அவற்றைத் தளரச் செய்யும். குழாய் விரியும், இரத்தம் எளிதாக ஓடும். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வேலை செய்வதும் இதே வாயுவின் மூலம்தான். இரத்த ஓட்டத்தில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது) என்ற சொல்லை வைத்து நடக்கும் சாக்லேட் விளம்பரங்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சேரும் ஃபிளவனாலின் அளவு மிகச் சொற்பம். உடல் முழுவதையும் ஆக்சிஜனேற்றத்திலிருந்து காப்பாற்ற அது போதவே போதாது. ஆனால் செல்லுக்குச் சமிக்ஞை கொடுக்க அந்தச் சொற்ப அளவே போதும்.

இதை அளக்க ஓர் அழகான சோதனை உண்டு. முன்கையில் பிரஷர் பட்டையை இறுக்கி 5 நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். பட்டையை விட்டதும் இரத்தம் பாயும்போது மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். ஃபிளவனால் நிறைந்த கோகோ குடித்த சுமார் 2 மணி நேரத்தில் அந்த விரிவு கூடுகிறது. எபிகேட்டச்சினைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தபோதும் அதே விளைவு தெரிந்தது.

சரி, இரத்த அழுத்தம் எவ்வளவு குறையும்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் 35 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், சராசரி வீழ்ச்சி பாதரச அளவில் 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாக்லேட் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இதய நோய்க்கு என்ன பயன் என்பதை அறிய அமெரிக்காவில் காஸ்மோஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 60 வயதைத் தாண்டிய ஆண்களும் 65 வயதைத் தாண்டிய பெண்களுமாக 21,442 பேர். அவர்களில் பாதிப் பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் ஃபிளவனால், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2022-இல் முடிவுகள் வெளிவந்தன. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற மொத்த நிகழ்வுகள் 10 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. இதய நோய் மரணங்கள் மட்டும் 27 சதவீதம் குறைவு. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் அது ஆய்வின் முதன்மைக் கேள்விக்குக் கிடைத்த விடை அல்ல. உறுதி செய்ய இன்னொரு ஆய்வு வேண்டும். கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. அவர்கள் விழுங்கியது சாக்லேட் அல்ல, கோகோச் சாறு அடைத்த கேப்சூல். அதைக் கொடுத்து, செலவில் ஒரு பங்கையும் ஏற்றது சாக்லேட் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனம்.

கேப்சூலில் இருந்தது நம் கையிலுள்ள சாக்லேட் கட்டியிலும் இருக்குமா? கோகோ விதையைப் பல நாள் புளிக்க வைத்து, உலர்த்தி, வறுக்கிறார்கள். சாக்லேட்டின் மணமும் சுவையும் அதில்தான் பிறக்கின்றன. ஃபிளவனால் குறைவதும் அதில்தான். அதற்கும் மேல் டச்சு முறை என்று ஒன்று உண்டு. கசப்பையும் புளிப்பையும் தணிக்கக் கோகோவில் காரம் (அல்கலி, மிளகாய்க் காரம் அல்ல) சேர்ப்பார்கள். காரம் சேர்க்காத கோகோத் தூளில் கிராமுக்கு சுமார் 35 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது என்றும், அதிகமாகக் காரம் சேர்த்ததில் 4 மில்லிகிராம்தான் மிஞ்சியது என்றும் 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. இத்தனைக்கும் காரம் சேர்க்கச் சேர்க்கத் தூளின் நிறம் கறுத்துக்கொண்டே போகும். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவது சத்து குறைந்ததாகவே இருக்கக்கூடும்.

உறையில் போட்டிருக்கும் 70 சதவீதம் என்ற எண்ணும் முழுக்க நம்பத்தக்கதல்ல. கோகோ வெண்ணெயும் அந்தக் கணக்கில் சேரும், வெண்ணெயில் ஃபிளவனால் கிடையாது. அதற்காக அந்த எண்ணே வீண் என்று சொல்லவில்லை. சதவீதம் கூடினால் சர்க்கரை குறையும், அது நல்லதே. பொருட்பட்டியலில் பொட்டாசியம் கார்பனேட்டையோ அதன் உணவுச் சேர்க்கைக் குறியீடான ஐஎன்எஸ் 501 என்பதையோ பார்த்தால், காரம் சேர்த்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். டார்க் காம்பவுண்ட் என்று விற்பதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். உடம்புக்கு நல்லது என்று நினைத்து அதை வாங்காதீர்கள்.

தினமும் 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் இரத்தக் குழாய்களின் நெகிழ்வைக் காக்க உதவும் என்று 2012-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஃபிளவனாலைக் காப்பாற்றித் தயாரித்த சாக்லேட் என்றால் அதற்கு 10 கிராமே போதும். சாதாரணச் சாக்லேட்டில் அதே அளவை எட்டப் பல மடங்கு சாப்பிட வேண்டிவரும். 100 கிராம் டார்க் சாக்லேட்டில் சுமார் 600 கலோரி இருக்கிறது. ஃபிளவனாலுக்காக மட்டும் என்றால் காரம் சேர்க்காத கோகோத் தூளே மேல். சர்க்கரை இல்லை, கொழுப்பும் குறைவு. ஆப்பிளிலும் தேநீரிலும்கூட எபிகேட்டச்சின் உண்டு.

அப்புறம், காட்மியம். மண்ணில் உள்ள இந்த நச்சு உலோகத்தைக் கோகோ மரம் வேர் வழியாக எடுத்து விதையில் சேர்க்கிறது. கோகோ கூடக்கூட அதுவும் கூடும். 50 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள சாக்லேட்டில் கிலோவுக்கு 0.8 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் வரம்பு வைத்திருக்கிறது. எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடுபவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. மருந்து மாதிரி தினமும் சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும், சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களும் அளவோடு இருப்பதே நல்லது.