சுர்ரென்ற சத்தம் எங்கே போனது? மாட்டுக்கறி வறுவலின் வெப்பக் கணக்கு

காய்கறியோடு பெருந்தீயில் சட்டென்று புரட்டி எடுக்கும் சீன பாணி வறுவல் செய்ய ஆசைப்பட்டு, திருநெல்வேலி மேலப்பாளையத்தில் அரைக்கிலோ மாட்டுக்கறி வாங்கி வந்தேன். காரட், பீன்ஸ், குடைமிளகாய், பல்லாரி (பெரிய வெங்காயம்) எல்லாவற்றையும் நீளவாக்கில் சீவித் தயாராக வைத்துக்கொண்டேன். சட்டி காய்ந்ததும் கறி முழுவதையும் ஒரே தடவையில் கொட்டினேன். முதல் பத்து விநாடிக்குச் சுர்ரென்று நல்ல சத்தம். அப்புறம் அது மெல்ல அடங்கிச் சளசளவென்று கொதிக்கிற சத்தமாக மாறிவிட்டது. சிவப்பாக இருந்த கறி சாம்பல் நிறமானது. அடியில் இரண்டு கரண்டித் தண்ணீர் தேங்கி நின்றது. தீயைக் கூட்டிப் பார்த்தேன். அந்தத் தண்ணீர் வற்றுகிற வழியைக் காணோம். ஒருவழியாக அது வற்றி முடிந்தபோது கறி வார் மாதிரி இழுத்தது.

மசாலாவைக் குறை சொல்ல முடியாது, கறியையும் குறை சொல்ல முடியாது. சட்டியிடம் இருந்த சூடு போதவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு போதவில்லை என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தச் சமையல் பிடிபட்டது.

கறியின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அரைக்கிலோவில் 370 கிராம் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. சூடு 50 டிகிரியைத் தொட்டதும் தசையில் உள்ள மயோசின் என்ற புரதம் சுருங்கத் தொடங்கும். 60, 70 என்று ஏற ஏற மற்றப் புரதங்களும் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவது போல உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளும். இந்தத் தண்ணீர் சட்டிக்கு வந்ததும் சட்டியின் சூட்டைத் தின்னத் தொடங்குகிறது. ஒரு கிராம் தண்ணீரை அறையின் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 300 ஜூல் போல ஆகும். அதே ஒரு கிராமைக் கொதிநிலையிலிருந்து ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்!

சட்டியிடம் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது? ஒன்றரைக் கிலோ எடையுள்ள இரும்புச் சட்டியை 250 டிகிரிக்குக் காய வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரும்பு ஒரு கிராமுக்கு ஒரு டிகிரி குறையும்போது 0.45 ஜூல் தரும். 250-லிருந்து 100-க்கு இறங்குவதற்குள் சட்டி கொடுப்பது ஏறத்தாழ ஒரு லட்சம் ஜூல். பெரிய தொகையாகத் தெரிகிறது இல்லையா? ஆனால் அரைக்கிலோ கறியை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்றவே ஒன்றேகால் லட்சம் ஜூலுக்கு மேல் ஆகும். ஆவியாக்குகிற செலவு இதில் சேரவில்லை. சட்டி தன் கையிருப்பு முழுவதையும் கொடுத்தாலும் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரைத்தான் ஆவியாக்க முடியும். மீதிக்கு அடுப்பைத்தான் நம்ப வேண்டும். வீட்டு கேஸ் அடுப்பின் வேகத்துக்கு அது பல நிமிட வேலை. அத்தனை நிமிடமும் கறி தன் தண்ணீரிலேயே வெந்துகொண்டிருக்கும்.

தண்ணீர் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. நமக்கு வேண்டிய நிறமும் மணமும் 140 டிகிரியை ஒட்டித்தான் மளமளவென்று வரத் தொடங்கும். புரதத்தின் துணுக்குகளான அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்களாக மாறுகின்றன. 1912-ல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு ஆய்வாளர் லூயி கமில் மையார் பெயரால் இதை மையார் வினை என்கிறார்கள். தோசையின் முறுகல், பரோட்டாவில் விழும் பழுப்புப் புள்ளி, வறுத்த காப்பிக்கொட்டையின் வாசம் எல்லாம் இதன் வேலைதான். நம் ஊர் அல்வாவின் நிறத்திலும் இதற்குப் பங்கு உண்டு.

இதை எழுதும்போது நம் சமையல் வினைச்சொற்களை நினைத்துப் பார்க்கிறேன். வதக்கு, சுண்டவை, வறு, பொரி. ஒவ்வொன்றும் தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. வதக்கும்போது தண்ணீர் வெளியேறப் பொருள் துவள்கிறது. சுண்டும்போது வெளியேறிய தண்ணீர் குறைகிறது. வறுக்கும்போது மேற்பரப்பில் தண்ணீரே இல்லை. அன்று நான் செய்ய நினைத்தது வறுவல், செய்தது அவியல். ஒரு தடவை கொட்டியதில் நான்கு வினைச்சொற்களையும் ஒரே சட்டியில் எதிர்பார்த்திருக்கிறேன்.

செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடை அடுப்புகளைப் பாருங்கள். கொத்து பரோட்டா போடும் கல் தடித்த இரும்புப் பலகை. சாயங்காலத்திலிருந்து தீயிலேயே கிடக்கிறது. அதன் மேல் கறியைப் போட்டால் கல்லின் சூடு பெரிதாக இறங்காது, அத்தனை இரும்பு அங்கே இருக்கிறது. கல் அகலமானது என்பதால் வெளியேறும் ஆவி எந்தப் பக்கமும் தங்காமல் மேலே போய்விடும். குழிந்த சட்டியில் கறியைக் குவித்துப் போட்டால் அடியில் வரும் ஆவி மேலே உள்ள கறியில் பட்டுக் குளிர்ந்து மறுபடி தண்ணீராகிச் சொட்டும்.

வீட்டில் அந்தக் கல் இல்லை. ஆனால் கறியின் அளவைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. இப்போது நான் அரைக்கிலோவை மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் தனித்தனியாக வறுத்துத் தட்டில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஒரு பங்கை எடுத்ததும் சட்டி மறுபடி காயும்வரை காத்திருக்கிறேன். மொத்த நேரம் கூடுகிறது என்று தோன்றும். ஆனால் தண்ணீர் வற்றக் காத்திருந்த அந்த முதல் நாளைவிட இது சீக்கிரம் முடிகிறது. கறியைப் போடும் முன் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுவேன். மேலே ஒட்டியிருக்கும் ஒரு கரண்டி ஈரத்துக்கும் அதே ஏழு மடங்கு வெப்பம்தான் செலவாகும்.

சட்டி காய்ந்ததா என்று பார்க்க எண்ணெய் ஊற்றுவதற்கு முன் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். 100 டிகிரியைச் சற்றே தாண்டியிருந்தால் சொட்டு பரவிச் சுர்ரென்று காய்ந்துவிடும். 200 டிகிரியை ஒட்டிப் போய்விட்டால் சொட்டு உடையாமல் பாதரசம் மாதிரி உருண்டு ஓடும். சொட்டுக்கு அடியில் உண்டான ஆவி அதை மெத்தை போலத் தூக்கிப் பிடித்திருக்கிறது, அதனால்தான் மெதுவாக ஆவியாகிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1756-ல் இதை விவரித்து எழுதினார். உருண்டை ஓடியதும் எண்ணெய், உடனே கறி. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்தில் இந்தச் சோதனை வேண்டாம். அந்தப் பூச்சு வெறும் சூட்டில் கெடும். இரும்புதான் இதற்குச் சரி. எங்கள் பக்கம் சிலர் இதைச் சீனச்சட்டி என்பார்கள், மலையாளத்திலும் அதே பெயர். இந்தச் சமையல் முறை பிறந்த நாடு சட்டியின் பெயரிலேயே இருக்கிறது.

எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுத்திகரித்த கடலை எண்ணெய் 220 டிகிரி தாண்டியும் தாங்கும். செக்கு நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அதற்கு வெகு முன்பே புகைந்துவிடும், வாசத்துக்காகக் கடைசியில் ஒரு கரண்டி விட்டால் போதும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அடிக்கிற பக்கம் ஜன்னல் திறந்திருந்தால் அதையும் கவனியுங்கள். தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து பாதிச் சூடு சுவருக்குப் போகும்.

சரி, நிறம் வந்துவிட்டது. கறி மெத்தென்று இருக்க வேண்டாமா?

இரண்டாம் முறை கறிக்கடைக்குப் போனபோது கேட்டேன்: "பாய், ரெண்டு நிமிஷத்துல வேகுற மாதிரி கறி வேணும்." அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "உழைச்ச மாடு தம்பி, ரெண்டு நிமிஷத்துல எப்படி வேகும்? குக்கர்ல போட்டு எடுத்துட்டு அப்புறம் வறுங்க. இல்லன்னா இந்த முதுகுச் சதையை எடுத்துக்கிடுங்க, நாரு கம்மி."

ஒரு வரியில் அவர் சொன்னதை விரித்தால் இப்படி வரும். தசை நார்களைக் கட்டி வைத்திருக்கும் உறை கொலாஜன் என்ற புரதம். நடந்து, இழுத்து, உழைக்கிற தொடையிலும் கழுத்திலும் அது அதிகம். முதுகெலும்பை ஒட்டிய சதையில் குறைவு. மாட்டுக்கு வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் கூடும், அவை லேசில் கரையாது. 60 டிகிரியைத் தாண்டினால் கொலாஜன் முதலில் சுருங்கி இறுகும். 70-க்கு மேல் நெடுநேரம் வைத்திருந்தால்தான் நெகிழ்ந்து ஜெலட்டினாகக் கரையும். குக்கருக்குள் அழுத்தத்தால் தண்ணீர் 120 டிகிரியில் கொதிப்பதால் மணிக்கணக்கு வேலை நிமிடக்கணக்கில் முடிகிறது. குக்கரில் வெந்த கறியின் சாற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ராத்திரி குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள். காலையில் கிண்ணத்தைச் சாய்த்தாலும் சிந்தாமல் கட்டியாக ஆடும். அந்த ஆட்டம்தான் ஜெலட்டின்.

ஆக, இரண்டு வழி. தொடைக்கறி என்றால் குக்கர், பிறகு சாற்றை வடித்துவிட்டுக் கறியை மட்டும் வறுப்பது. வடித்த சாற்றைக் கடைசியில் விட்டுச் சுண்டவைத்தால் கறியின் மேல் பளபளவென்று படியும். முதுகுச் சதை என்றால் பச்சையாகவே வறுக்கலாம், ஆனால் வெட்டும் திசை முக்கியம். கறித்துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் நார்கள் ஒரே பக்கமாக, வைக்கோல் பிரி மாதிரி ஓடுவது தெரியும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வெட்டினால் ஒவ்வொரு நாரும் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பல் அறுக்க வேண்டிய வேலையைக் கத்தி முன்பே செய்துவிடுகிறது. நீளவாக்கில் வெட்டினால் விரல் நீள நாரைப் பல்தான் அறுக்க வேண்டும். மெலிதாக வெட்ட வரவில்லையென்றால் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து லேசாக இறுகியதும் வெட்டுங்கள். வெட்டிய பிறகு குளிர் போகவிட்டே சட்டியில் போட வேண்டும்.

கறி மெத்தென்று ஆக ஆப்பசோடா சேர்ப்பதும் வெறும் வழக்கம் இல்லை, அதற்கும் காரணம் உண்டு. கறிக்கு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உண்டு. அந்த நிலையில் புரத இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்பதால் தண்ணீருக்கு இடம் குறைவு. அரைக்கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துப் பிசறிப் பதினைந்து நிமிடம் வைத்தால் இழைகளின் மேல் எதிர்மின்னூட்டம் கூடும். அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்க, இடையில் தண்ணீர் தங்கும். சூட்டில் பிழிந்து வெளியேறுவதும் குறையும். மையார் வினையும் இதனால் வேகம் பிடிக்கும். சோடாவின் அளவு கூடினால் சவுக்கார வாடை வந்துவிடும். பப்பாளிக்காய் அரைத்துப் பூசுவது வேறு வழி. அதில் உள்ள பப்பைன் புரதத்தையே அறுக்கும். நேரம் தவறினால் கறியின் மேற்புறம் மாவாகிவிடும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

கறி மூன்று பங்கும் தட்டுக்கு வந்த பிறகுதான் காய்க்கு முறை. குடைமிளகாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஆனால் அது செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. செல்சுவரைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் இளகும் முன் காயை எடுத்துவிட்டால் கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும். அதனால் காரட் முதலில், பீன்ஸ் அடுத்து, குடைமிளகாயும் பல்லாரியும் கடைசியில். உப்பை முதலிலேயே போட்டால் சவ்வூடு பரவலால் தண்ணீர் வெளியே வந்து, மறுபடி முதல் நாள் கதைதான். பீன்ஸுக்குப் பதில் சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்) போட ஆசைப்படுபவர்கள் அதைத் தனியே இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, ஈரம் போக உலர்த்திவிடுங்கள்.

சட்டியை மூட வேண்டாம். பீன்ஸ் சூடான முதல் நிமிடத்தில் பச்சை இன்னும் பளிச்சென்று ஆகும், செல்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேறுவதால். மூடி போட்டால் காயிலிருந்து வரும் அமில ஆவி உள்ளேயே நின்று, பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தை வெளியேற்றும். நிறம் பாசியாகிவிடும். எலுமிச்சைச் சாறும் சோயா சாஸும் இறக்கும் நேரத்தில் போதும். சோயா சாஸைச் சட்டியின் சூடான ஓரத்தில் சுற்றி ஊற்றினால் அது கறியைத் தொடும் முன்பே பாதித் தண்ணீரை இழந்து மணம் கூடி வரும். நான் சோயா சாஸைக் குறைத்து, ஒன்றிரண்டாக இடித்த நல்லமிளகைக் கூட்டுகிறேன். மிளகின் வாசம் சீக்கிரம் பறந்துவிடும் என்பதால் அதுவும் கடைசியில்தான்.

கறியை மறுபடி காயோடு சேர்த்து இரண்டே புரட்டு. சட்டுவத்தால் அடியைச் சுரண்டும்போது பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும் படிவை விட்டுவிடாதீர்கள், அதில்தான் சுவை குவிந்திருக்கிறது. ஒரு கரண்டி வெந்நீர் தெளித்தால் இளகி வந்துவிடும். அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட எங்கள் வீட்டில் தனி வரிசை நிற்கிறது. அப்புறம் சட்டியைக் கழுவி, தீயில் வைத்து ஈரம் போகக் காய வைத்து, துணியில் எண்ணெய் தொட்டு மெலிதாகத் தேய்த்து, லேசாகப் புகையும்வரை விடுங்கள். அந்தச் சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இரும்பின் மேல் கறுப்புத் தோலாகப் படியும். பத்துப் பதினைந்து தடவை இப்படிப் பழக்கிய சட்டியில் கறி ஒட்டுவதே இல்லை.