ஸ்பின்னர் வாங்கும்போது முதலில் தகட்டைப் பாருங்கள்

மீன் பிடிக்கத் தூண்டிலில் கட்டும், சுழலும் உலோகத் தகடு உள்ள போலி இரைதான் ஸ்பின்னர். அதை வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது நிறம்தான். ஆனால் அதைவிட முக்கியம் தகட்டின் வடிவம். வேட்டை மீன் இரையைக் கண்ணால் மட்டும் தேடுவதில்லை. அதன் உடலின் இரு பக்கமும் தலையிலிருந்து வால் வரை பக்கக்கோடு என்ற உணர் உறுப்பு ஓடுகிறது. அதிலுள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் பக்கத்தில் தண்ணீர் லேசாக அசைந்தாலே கண்டுகொள்ளும், ஆனால் எட்டும் தூரம் ரொம்பக் குறைவு, கிட்டத்தட்ட மீனின் நீளத்தைப் போல ஒன்றிரண்டு மடங்குதான்.

ஸ்பின்னரை இழுக்கும்போது, நடுக்கம்பியில் மாட்டியிருக்கும் குழிவான தகட்டில் தண்ணீர் மோதி அதைச் சுழற்றுகிறது. கொலராடோ தகடு அகலமாக, ஏறக்குறைய வட்டமாக இருக்கும். கம்பியிலிருந்து நன்றாக விரிந்து நின்று மெதுவாகச் சுற்றுவதால் தண்ணீரை பலமாக உதைக்கிறது, அந்த அதிர்வு தூண்டில் கோல் வரை கைக்கு வரும். கலங்கல் தண்ணீருக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் இதுதான் சரி. வில்லோ தகடு நீண்டு ஒடுங்கிய இலை மாதிரி, கம்பியை ஒட்டி வேகமாகச் சுழலும், அதிர்வு குறைவு, பளபளப்பு அதிகம். தண்ணீரின் எதிர்ப்பு குறைவதால் ஆழமாகவும் ஓடும், இழுப்பு உள்ள ஆற்றிலும் மேலே தூக்கிக்கொண்டு வராது. தெளிந்த நீரில் வெள்ளி நிறம், கலங்கலில் தங்கம் அல்லது செம்பு, இதற்கு மேல் நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

சரி, எவ்வளவு வேகமாக இழுப்பது? தகடு நிற்காமல் சுழலும் மிகக் குறைந்த வேகத்தில். குளிர்ந்த நீரில் மீனின் உடலும் மந்தமாகிவிடும், வேகமாக ஓடும் இரையைத் துரத்தாது, அதனால் அப்போது இந்த விதியை இன்னும் கறாராகப் பின்பற்றுங்கள். தண்ணீரில் விழுந்ததும் கோலை ஒருமுறை சுண்டி இழுத்தால்தான் பல ஸ்பின்னர்கள் சுற்றவே தொடங்கும். ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் வீசினால், ஓட்டத்தைவிட வேகமாக இழுக்க வேண்டும், இல்லையென்றால் தகடு செத்துப்போன மாதிரி வரும்.

தகடு சுழலும்போது ஸ்பின்னரின் உடலும் கொஞ்சம் சேர்ந்து திரும்பி தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். அதற்குத்தான் ஸ்பின்னருக்கு அரை மீட்டர் மேலே ஒரு நல்ல பந்துத் தாங்கி சுழலி (பால் பேரிங் ஸ்விவல், முறுக்கு நரம்புக்கு ஏறாமல் தானே சுழலும் இணைப்பு) கட்டுவது. ஏற்கெனவே முறுக்கேறியிருந்தால் ஸ்பின்னரையும் சுழலியையும் கழற்றிவிட்டு, வெறும் நரம்பை ஓடும் நீரில் நீளமாக விட்டு வைத்துச் சுருட்டுங்கள், பெரும்பாலான முறுக்கு தானாகப் பிரிந்துவிடும்.