பற்றுவால்: சொல் விளக்கம்

கிளையையோ கொடியையோ சுற்றிப் பிடித்து, உடலின் எடையை முழுமையாகவோ ஓரளவோ தாங்கிக்கொள்ளும் வால் பற்றுவால் எனப்படும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பிரிஹென்சைல்' என்னும் அடைமொழி, பிடித்தல் எனப் பொருள்படும் 'ப்ரெஹெந்தெரே' என்ற இலத்தீன் வினையடியாகப் பிறந்து, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோனின் எழுத்து வழியே விலங்கியலுக்குள் வந்தது.

தமிழில் இதனைச் சுருள்வால் என்று எழுதுவது பொருந்தாது. பன்றியின் வாலும் சுருண்டுதான் இருக்கிறது, ஆனால் எதையும் பிடிப்பதில்லை. தொங்குவால் என்பதும் சரியன்று. வட அமெரிக்காவின் ஒப்போசம் என்னும் பைப்பாலூட்டி வாலால் தலைகீழாகத் தொங்கியபடி உறங்கும் என்று பலர் நம்பினாலும், உண்மையில் அது மரமேறும்போது வாலை ஊன்றுதுணையாகக் கொள்கிறது. கூடமைக்கக் காய்ந்த இலைகளை வாலால் சுருட்டி எடுத்துச் செல்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான செயல் பற்றுதலே. வெற்றிலை, மிளகுக் கொடிகளின் வேரைப் பற்றுவேர் என்று தாவரவியல் ஏற்கெனவே குறிப்பதால், அதே அமைப்பில் பற்றுவால் என்ற வினைத்தொகை இயல்பாக நிற்கிறது.

இச்சொல்லின் முழுப்பொருளுக்கும் உரியது நடு, தென் அமெரிக்கக் காடுகளின் சிலந்திக்குரங்கு. அதன் வால்நுனியின் அடிப்பக்கத்தில் மயிரற்ற தோல் இருக்கிறது. அத்தோலில் நம் விரல்நுனியில் உள்ளவை போன்ற வரிகள் ஓடுகின்றன. வழுக்காமல் பிடிப்பதற்கும் தொட்டு உணர்வதற்கும் இவ்வரிகள் உதவுவதால், அக்குரங்கு வாலொன்றில் தொங்கிக்கொண்டு இரு கைகளாலும் பழம் பறிக்க முடிகிறது. கப்புச்சின் குரங்கின் வாலில் இந்த வெற்றுத்தோல் இல்லை, பிடிப்பும் குறைவு. அத்தகையதை அரைப்பற்றுவால் எனலாம். நம் காடுகளின் கருமந்திக்கு எவ்வளவு நீண்ட வால் இருந்தாலும் அது பாயும்போது நிலைகாக்கவே பயன்படுகிறது. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளில் முழுமையான பற்றுவால் எதற்கும் இல்லை.

அதற்காக இவ்வமைப்பு நமக்கு அயலானது என்று கருத வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாழும் பச்சோந்தி, அடுத்த கிளைக்கு உடலை நீட்டும்போது பின்கிளையை வாலால் சுற்றிக்கொள்கிறது. பல்லியைப் போல் வாலைக் கழற்றிவிட்டுத் தப்ப அதனால் இயலாது. இலங்கை மலைக்காடுகளில் பற்றுவால் கொண்ட சிறிய ஓணான் இனமொன்றும் உண்டு. பாக் நீரிணையின் கடற்புல் வெளிகளில் வாழும் கடற்குதிரை மீனினமே ஆயினும் அதற்கு வால்துடுப்பு இல்லை. நீந்துவதில் வலுவற்ற அது, சதுர வடிவ எலும்பு வளையங்கள் அடுக்கிய வாலால் புல்லைப் பற்றி நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் நின்று, அருகே வரும் நுண்ணிய இறால்வகை உயிரிகளை உறிஞ்சி உண்கிறது.