சிலிண்டர் நிறத்தை நம்பி கையெழுத்துப் போடாதீர்கள்

ஏசிக்கு 'கேஸ் அடிக்கணும்' என்று மெக்கானிக் சொல்வாரே, அந்த வாயு பெரும்பாலும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 13.6 கிலோ சிலிண்டர்களில்தான் கப்பலேறுகிறது. வழக்கமாக உள்ளே இருக்கும் குளிர்பதன வாயு ஆர்-134ஏ என்றால் சிலிண்டர் வெளிர்நீலம், ஆர்-22 என்றால் வெளிர்பச்சை. பெயிண்ட் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கடத்தலில் பாதி வித்தை இவ்வளவுதான்.

ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும். 1987இன் மாண்ட்ரியல் நெறிமுறைப்படி இந்தியா போன்ற வளரும் நாடுகள் 2030க்குள் அதைக் கைவிட வேண்டும். பழைய இயந்திரங்களின் சர்வீசுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. இறக்குமதிக்கு உரிமம் வேண்டும், அனுமதிக்கப்படும் அளவும் படிப்படியாகக் குறையும். பழைய ஏசிகளோ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்புறம் என்ன, கெடுபிடி குறைந்த வேறொரு வாயுவின் பெயரில் உள்ளே வருகிறது.

குளிர்பதனத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சுங்க அதிகாரிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: சிலிண்டரைக் கொஞ்ச நேரம் நிழலில் வைத்துவிட்டு அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுங்கள். 30 டிகிரியில் ஆர்-134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும். முள் 158 பக்கம் போனால் உள்ளே ஆர்-22 என்று சந்தேகப்படலாம். ஆனால் எல்லா நேரமும் கேஜ் கைகொடுக்காது. எப்போதோ கைவிடப்பட்ட ஆர்-12 அதே வெப்பத்தில் 93 காட்டும்; அந்த நாலு பிஎஸ்ஐ வித்தியாசத்தை வைத்து யார் வழக்குப் போடுவது? அதற்கு அகச்சிவப்பு முறையில் வாயுவை இனங்காணும் கையடக்கக் கருவி இருக்கிறது, சில நிமிடங்களில் சொல்லிவிடும். அதையும் கதவோரச் சிலிண்டரில் மட்டும் வைத்துப் பார்த்தால் பயனில்லை. முன்வரிசையில் ஒழுங்கான சரக்கை அடுக்கி, பின்னால் வேறு வைப்பது பழைய தந்திரம்.

போலி வாயு ஆளையே கொல்லும். 2011இல், வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட குளிரூட்டும் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று நிரப்பியதில் மெத்தில் குளோரைடு கலந்திருந்ததே காரணம் என்று தெரியவந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்தால், காற்றுப் பட்டதுமே தீப்பிடிக்கும் சேர்மம் உருவாகும்.

பிடித்த சரக்கை என்ன செய்வது என்பது யாரும் பேசாத தலைவலி. திறந்துவிட முடியாது. முறையாக அழிக்க உயர்வெப்ப உலை வேண்டும். அதுவரை கிடங்கில் கிடந்து துருப்பிடித்துக் கசியும். ஆகவே துறைமுகத்துக்கு வருமுன் தடுப்பதுதான் என் பார்வையில் உருப்படியான வழி. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 'ஐபிக்' ஏற்பாடு அப்படிப்பட்டது. ஏற்றுமதி உரிமம் தருமுன், அந்த நாட்டு அதிகாரி இறக்குமதி நாட்டின் ஓசோன் பிரிவிடம், "இந்த நிறுவனத்துக்கு உங்கள் அனுமதி உண்டா?" என்று கேட்கிறார். இல்லை என்று பதில் வந்தால் உரிமம் கொடுக்காமல் நிறுத்திவிடலாம். செலவு ஒரு மின்னஞ்சல்.

வாங்கும் பக்கமும் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாக யாராவது கேஸ் தந்தால், பில்லும் தயாரிப்பாளரின் பேட்ச் எண்ணும் கேளுங்கள். இழுத்தடித்தால் அந்தச் சிலிண்டர் உங்கள் கடைக்கு வேண்டாம்.