முக்கி முனகித் தூங்கும் பச்சைக் குழந்தை

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, குழந்தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆன பெண்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது இதுதான்: "பகலில் நன்றாகத்தான் இருக்கிறான் டாக்டர். ராத்திரி விளக்கை அணைத்தால் போதும், கொர் கொர் என்கிறான், முக்குகிறான், நெளிகிறான். சளி கட்டிவிட்டதா?" கூட வந்த அம்மாச்சி அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்திருப்பார்: "தலைக்கு ஊற்றியதில் நீர் கோத்துக்கொண்டது." கும்பகோணத்திலிருந்து வந்தாலும் மன்னார்குடியிலிருந்து வந்தாலும் கேள்வி மாறுவதில்லை.

இவர்களில் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சளியே இருப்பதில்லை. முதல் சில மாதங்கள் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அந்த மூக்கோ மிகவும் குறுகலானது. எதுக்களித்த பால் சிறிது மேலேறினாலும், உள்ளே இருக்கும் ஈரப்பசை காய்ந்தாலும் சத்தம் வரும். சிந்தி வெளியேற்றவும் குழந்தைக்குத் தெரியாது. பகலிலும் இதே சத்தம் உண்டு. வீட்டு இரைச்சலில் அது யார் காதிலும் விழுவதில்லை.

தூக்கத்தின் தன்மையும் ஒரு காரணம். பச்சைக் குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, மூடிய இமைக்குள் விழிகள் அசைந்துகொண்டிருக்கும் அரைத்தூக்கம். அந்த நேரத்தில் குழந்தை முகம் சுளிக்கும், சிரிக்கும், வாயைச் சப்பும், கைகால் உதறும், முனகும், சட்டென்று ஓர் அழுகைக் குரலும் கொடுக்கும். நம் வீடுகளில் 'நரி விரட்டுகிறது' என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான். அந்த முதல் சிணுங்கலுக்கே பதறி வாரி எடுத்தால், தானாக அடுத்த சுற்றுத் தூக்கத்துக்குப் போயிருக்க வேண்டிய குழந்தையை நாமே எழுப்பிவிடுகிறோம். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். பசி என்றால் அழுகை வலுக்கும், அப்போது பால் கொடுங்கள். முகம் சிவக்க முக்கிவிட்டு இளகலாக மலம் போனால் அது மலச்சிக்கல் இல்லை. முக்கும்போது ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்பதைக் குழந்தை இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

தாயை மிகவும் நடுங்க வைப்பது இன்னொன்று. குழந்தை வேகவேகமாக மூச்சு விடும், பிறகு ஐந்து முதல் பத்து நொடி வரை நிறுத்தும், மறுபடி தொடங்கும். மூளையின் சுவாசக் கட்டுப்பாடு முதிராததால் வருவது இது. நிறம் மாறாமல், உடல் தொய்யாமல் இருந்தால் இயல்பானதே. நிறுத்தம் 20 நொடியை எட்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு நிறுத்தம் கூடுதலாக வரலாம் என்பதால், அதை மருத்துவரிடம் காட்டாமல் நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

இந்தக் குழப்பத்தில் தாய்க்கு உதவுவது மூச்சை எண்ணும் பழக்கம். அதை நான் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கிறேன். குழந்தை தூங்கும்போது சட்டையை மெல்ல விலக்கி, வயிறு ஒருமுறை ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ணுங்கள். ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும், ஏனென்றால் இந்த வயதில் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 60 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி எண்ணுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் சில அறிகுறிகளைத் தள்ளிப்போடக் கூடாது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே ஆழமாகக் குழி விழுவது, மூக்கு மடல் விரிவது, ஒவ்வொரு மூச்சு விடும்போதும் விடாமல் முனகுவது, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது. சத்தமே இல்லாமல் துவண்டு கிடக்கும் குழந்தைதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது. 108ஐ அழையுங்கள். தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனையும், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் நம் பகுதியிலேயே இருக்கின்றன.

சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில், மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் கீச்சென்று ஒரு சத்தம் வரும். மல்லாந்து படுத்தால் கூடும், அழுதால் கூடும். குரல்வளையின் இளம் குருத்தெலும்பு ஈரத்துணி போல உள்ளே மடங்குவதால் வருவது அது. பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வயதுக்குள் தானே சரியாகிவிடும். ஆனாலும் மருத்துவர் ஒருமுறை பார்த்தாக வேண்டும்; எடை ஏறுகிறதா என்று தொடர்ந்து கவனிக்கவும் வேண்டும்.

இனி, நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது. குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்; அதைக் குணப்படுத்துவது எளிதல்ல. தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுக்கும் வேலையும் வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவது பல வீடுகளில் வழக்கம். கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கக் கூடியது. மருந்துக்கடையில் சளி மருந்து கேட்டு வாங்காதீர்கள். 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகள் கொடுக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அம்மாச்சிகளின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பால் கொடுக்கத் தடுமாறும் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்ல அவர்களைவிட யாரும் இல்லை. மூக்கையும் தொண்டையையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே மூக்கு அடைத்துப் பால் குடிக்கத் திணறினால், குழந்தைகளுக்கான உப்புநீர்ச் சொட்டு மருந்தை, பால் கொடுப்பதற்குச் சற்று முன் ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றிரண்டு சொட்டு விட்டால் போதும். அதைவிட முக்கியம் புகையை நிறுத்துவது. தலை காய்வதற்காகக் காட்டும் சாம்பிராணி, ஐப்பசி கார்த்திகை மழையில் கொசுவுக்காக விடிய விடிய எரியும் கொசுவர்த்தி, வாசலில் பிடிக்கும் பீடி, எல்லாமே அந்தக் குறுகிய மூக்கை வீங்க வைக்கும். கொசுவலை கட்டுங்கள். தை அறுவடையில் வயலோர வீடுகளுக்குள் நெல் சுணையும் வைக்கோல் தூசியும் பறந்து வரும். இயந்திரம் ஓடும் நேரத்தில் வயல் பக்கத்து ஜன்னலை மூடிவையுங்கள்.

இரவில் தூளி வேண்டாம் என்பேன். அதில் முகவாய் நெஞ்சில் பட மடங்கி மூச்சுப்பாதை நெருங்கும். தாய் படுக்கும் அறையிலேயே, தலையணை இல்லாத தட்டையான தனிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு.

தாயின் தூக்கத்தைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை. செல்போன் வெளிச்சத்தை அடித்து அடித்து நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தே விடிய விடிய விழித்திருக்கும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். முன்னிரவில் அம்மாச்சியோ, ஊரிலிருந்து வந்திருக்கும் கணவரோ குழந்தையின் பக்கத்தில் இருக்கட்டும். அந்த நேரம் மட்டும் தாய் சத்தம் எட்டாத வேறு அறையில் படுத்து, பாலுக்கு மட்டும் எழட்டும். குழந்தை அமைதியாகத் தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால், வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ அதையும் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

சத்தம் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அதுவரை சந்தேகம் இருந்தால், சத்தம் வரும் நேரத்தில் ஒரு நிமிடம் செல்போனில் படம் பிடித்து வாருங்கள். நெஞ்சும் வயிறும் திறந்திருக்கட்டும், உதட்டின் நிறம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்கட்டும். என் அறைக்கு வந்ததும் குழந்தை சத்தமின்றித் தூங்கிவிட்டாலும், அந்தப் படத்தைப் பார்த்து என்னால் காரணம் சொல்ல முடியும்.