ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் போகிற பிள்ளை

பிரசங்கம் முடிந்து எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது, "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்தி முன்னால் வாருங்கள்" என்று போதகர் அழைப்புக் கொடுப்பது நம் பக்கத்து பாப்டிஸ்ட் சபைகளுக்குப் பழகியது. அந்த அழைப்பில் குடியை விட்டவர்களை எனக்குத் தெரியும். அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. பாளையங்கோட்டையில் மனநல ஆலோசகராக நான் பார்க்கும் ஒரு வகைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பதினாலு, பதினைந்து வயது இருக்கும். முன்னால் போய் ஜெபித்தாயிற்று. வீடு வருவதற்குள், "முழு மனசோடுதான் சொன்னேனா?" என்று சந்தேகம். அடுத்த அழைப்பில் மறுபடி போகிறாள். ராத்திரி ஒரு வார்த்தை தவறிவிட்டதென்று பாவமன்னிப்பு ஜெபத்தை முதலிலிருந்து தொடங்குகிறாள். "இன்று செத்தால் எங்கே போவாய்?" என்று கூட்டத்தில் கேட்ட கேள்வி தூங்கவிடுவதில்லை. அம்மாவோ, பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று சந்தோஷப்படுகிறார்.

வேண்டாத சந்தேகம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்க்கு ஓ.சி.டி. என்று பெயர். அது இப்படியும் வரும். முன்னால் போனதும் பயம் கொஞ்சம் இறங்கும். அந்த நிம்மதிதான் அடுத்த தடவையும் போகச் சொல்லும். "நான் இரட்சிக்கப்பட்டேனா?" என்று போதகரிடம் திரும்பத் திரும்பக் கேட்பதும் அதே சுழற்சிதான். அதனால் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால் நோய் வளரும். சந்தேகம் வந்தாலும் மறுபடி ஜெபிக்காமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. விசுவாசத்தை விடச் சொல்ல மாட்டோம்.

பாப்டிஸ்ட் சபையில் குழந்தை ஞானஸ்நானம் கிடையாது. தானே தீர்மானித்து முழுக்கு எடுக்க வேண்டும். பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்கு அந்தத் தீர்மானம் பெரிய பாரம்.

முன்னால் அழைக்கும் முறை பரவலானது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில்தான். அங்கே சார்லஸ் ஃபின்னி என்ற பிரசங்கியார் 1830களில் அதற்கென்றே முன்வரிசைப் பெஞ்சை ஒதுக்கினார். 1956இல் அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரகாம் பாளையங்கோட்டைக்கே வந்து கூட்டம் நடத்தினார். ஆனால் லண்டனின் பெரிய பாப்டிஸ்ட் போதகரான ஸ்பர்ஜன், மனம்திரும்ப விரும்பியவர்களை வாரநாளில் தனியாகச் சந்தித்துப் பேசினார். நம் போதகர்களும் அதைச் செய்யலாமே! ஒரே பிள்ளை மூன்றாம் முறை முன்னால் வந்தால், தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடாதீர்கள், ஐயா. உட்காரவைத்து, "தூங்குகிறாயா? எந்த நினைப்பு விடமாட்டேன் என்கிறது?" என்று கேளுங்கள். அப்புறம் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழைத்தால் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். "செத்தால் தேவலை" என்று பிள்ளை சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.